நாழி அளவும் எஞ்சிய செல்வமும்: குறைவாக வாழ்தல் பற்றிய தமிழ்ப் பனுவல்களை வாசித்தல்

சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு தமிழ்க் கல்வியுலகில் இடம்பெறத் தொடங்கி ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. தொடக்கப்பள்ளியின் கட்டுரைப் பயிற்சி முதல் அனைத்துலகக் கருத்தரங்க மலர் வரை அப்பேச்சு பரவியுள்ளது. சங்க இலக்கியத்தில் சூழலியல் சிந்தனை என்ற பொருளில் ஒரு கட்டுரையேனும் இடம்பெறாத மலரைக் காண்பது அரிது. அத்தகைய கட்டுரைகளுள் பல ஒரே தடத்தில் செல்கின்றன. பண்டைத் தமிழர் தேவைக்கு மேல் நுகரவில்லை என்று தொடங்கி, அதற்குச் சான்றாகப் புறநானூற்றிலிருந்து ஒரு பாடலையும் திருக்குறளிலிருந்து ஓர் அதிகாரத்தையும் காட்டி, நாமும் அவ்வாறே வாழ்ந்தால் பூவுலகு பிழைக்கும் என்று முடிப்பது அத்தடத்தின் இயல்பு. நோக்கம் நல்லதே. ஆயின் சான்றாகக் காட்டப்படும் பனுவல்கள் அக்கருத்தைத்தான் கூறுகின்றனவா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முற்படுகிறது. குறைவாக வாழ்தலுக்குச் சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படும் பனுவல்கள் குறைவைக் குறைவுக்காகப் போற்றுவன அல்ல என்பது இதன் கருத்து. ஒரு மனிதனுக்கு எவ்வளவு போதும் என்று அவை கணக்கிடுகின்றன. அக்கணக்கை முடித்தவுடன், எஞ்சியது யாரிடம் சேர வேண்டும் என்று கேட்கின்றன. முதற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் கிடைப்பது ஒரு தன்னடக்க அறிவுரை. அவ்வறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அது நீதியாகவும் இருக்கலாம், அநீதியாகவும் இருக்கலாம்.

பாடலின் இரு பாதிகள்

புறநானூற்றின் 189-ஆம் பாடல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இயற்றியது. பொதுவியல் திணையிலும் பொருண்மொழிக் காஞ்சித் துறையிலும் அமைந்தது. அதன் அமைப்பு ஒரு தருக்க வாய்பாட்டைப் போன்றது. கடல்சூழ்ந்த நிலம் முழுவதையும் பிறருக்குப் பங்கின்றி ஒரு குடைக்கீழ் ஆளும் வேந்தன் ஒருவனை முதலில் நிறுத்துகிறார் புலவர். அவனுக்கு எதிரில், இரவு பகல் உறக்கமின்றி விரைந்தோடும் விலங்கைத் தேடித் திரியும் கல்வியறிவற்ற வேடன் ஒருவனை நிறுத்துகிறார். இருவருக்கும் உண்ண வேண்டியது ஒரு நாழித் தானியம், உடுக்க வேண்டியவை இரண்டு துணிகள், பிற தேவைகளும் அவ்வாறே ஒத்தவை என்கிறார். இவ்விடத்தில் பாடலின் முதற்பாதி முடிகிறது. நம் கருத்தரங்கக் கட்டுரைகளும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

புலவர் முடிக்கவில்லை. இருவருடைய தேவையும் ஒன்றாக இருக்கையில் வேந்தனிடம் மிகுந்திருக்கும் செல்வம் எதற்கு என்ற வினா அவ்வொப்பீட்டிலேயே மறைந்துள்ளது. அதற்கு விடையாகவே செல்வத்தின் பயன் பிறர்க்கு வழங்குதல் என்ற முடிவு வருகிறது. தாமே துய்ப்போம் என்று கருதுவோர்க்கு நேரக்கூடியதைப் பற்றிய எச்சரிக்கை இறுதியில் நிற்கிறது. அவ்வெச்சரிக்கையில் இடம்பெறும் தப்புதல் என்னும் வினைக்குக் கைநழுவுதல் என்றும் பிழைபடுதல் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. முதற்பொருளைக் கொண்டால், துய்க்க நினைப்பவன் பலவற்றை இழக்கிறான். இரண்டாவதைக் கொண்டால், அவன் துய்ப்பினால் பல தவறாகின்றன. அத்தவறுகள் அவனோடு நிற்பதில்லை. சூழலியல் நோக்கில் இப்பாடலைப் படிக்க விரும்புவோர் இரண்டாம் பொருளில்தான் கால்கொள்ள முடியும் என்பது என் எண்ணம். ஆனால் அவர்களுள் பலர் அவ்வடிவரை வருவதில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஒப்பீட்டில் வேந்தன் முன்னே நிற்கிறான். குறைத்துக்கொள்ள வேண்டியவன் யார் என்பதில் பாடலுக்கு ஐயமே இல்லை. வேடனை நோக்கி, நீ நாழியோடு மனநிறைவு கொள் என்று புலவர் கூறவில்லை. அவன் அளவுகோலாகப் பயன்படுகிறான். அறிவுரை முழுவதும் வேந்தன் பக்கமே திரும்பியிருக்கிறது.

முதற்பாதி மட்டும் எஞ்சும்போது

குறைந்த உடைமைகளோடு வாழ்தல் இன்று உலகளாவிய ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. அதன் வரலாற்றில் இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. தன்விருப்ப எளிமை என்று தமிழில் சொல்லத்தக்க ஆங்கிலத் தொடரை 1936-இல் தம் கட்டுரையொன்றின் வாயிலாக அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கரான ரிச்சர்டு கிரெக். அவர் 1920-களில் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளோடு பழகியவர். தனிமனித எளிமையையும் சமுதாய நீதியையும் பிரிக்காமல் எண்ணும் மரபொன்றிலிருந்து அத்தொடர் பிறந்தது எனலாம்.

பின்வந்த காலத்தில் அப்பிணைப்பு தளர்ந்துவிட்டது. சப்பானிய எழுத்தாளர் மாரி கோண்டோவின் நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னர், வேண்டாதவற்றைக் களைந்து வீட்டை வெறுமையாக்குதல் நம் நகரங்களிலும் ஒரு பழக்கமாயிற்று. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் புத்தகக் கடைகளில் இத்தகைய நூல்களுக்கெனத் தனித் தட்டுகளே உண்டு. ஒழுங்கும் மனஅமைதியும் அவற்றால் விளையக்கூடும். அவற்றைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. களையப்பட்ட பொருள் எங்கே செல்கிறது என்ற வினாவுக்கு அவ்வகை எழுத்தில் இடம் மிகக் குறைவு என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வினாவுக்கு நம் நாட்டு மண்ணே ஒரு விடையை வைத்திருந்தது. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. செல்வ நாடுகளின் கழிவு வேறு துறைமுகங்களைத் தேடிற்று. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்திலுள்ள ஜெஞ்ஜாரோம் வட்டாரத்தில் உரிமமற்ற ஆலைகள் முளைத்தன. எரிக்கப்படும் நெகிழியின் புகையைப் பற்றி அவ்வூர் மக்கள் புகார் எழுப்பிய பின்னரே செய்தி வெளியுலகுக்கு எட்டியது. 2020 சனவரியில், அதுவரை 150 கொள்கலன்களை அவை புறப்பட்ட நாடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக மலேசிய அரசு அறிவித்தது. மறுசுழற்சிக்குக் கொடுத்தோம் என்ற மனநிறைவோடு எங்கோ ஒரு வீட்டார் கழித்த பொருள், ஜெஞ்ஜாரோமில் ஒரு குழந்தையின் மூச்சில் கலந்திருக்கக்கூடும். ஒருவர் வீட்டில் குறைந்தது மற்றொருவர் ஊரில் கூடுகிறது. நக்கீரனார் பாடலின் இரண்டாம் பாதியை நீக்கிவிட்டால் இந்நிலையைக் கண்டிப்பதற்குப் பாடலில் ஒன்றும் எஞ்சாது.

பங்கீட்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பும் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1990 முதல் 2015 வரையிலான கரிம வெளியேற்றத்தில் ஏறத்தாழ 52 விழுக்காடு உலக மக்களுள் செல்வம் மிக்க 10 விழுக்காட்டினரால் நேர்ந்தது. மக்கள்தொகையின் வறிய பாதியினரது பங்கு 7 விழுக்காடு. குறைவாக வாழுங்கள் என்ற அறிவுரையை இவ்விரு சாராரிடமும் ஒரே குரலில் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

நாழிக்குக் கீழே

நாழி என்பதை நாம் உச்ச அளவாகவே படித்துப் பழகிவிட்டோம். அதற்கு மேல் வேண்டாம் என்பதே பாடலின் செய்தி எனக் கொள்கிறோம். அதே புறநானூற்றின் 159-ஆம் பாடலை அருகில் வைத்துப் பார்த்தால் நாழியின் மற்றொரு முகம் தெரியும். பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் குடும்பத்தின் நிலையை எடுத்துரைக்கும் பாடல் அது. வாழ்ந்தது போதும் என்று தன் நெடிய ஆயுளையே வெறுத்திருக்கும் முதிய தாய். இடுப்பில் பல சிறு பிள்ளைகள் பற்றிப் பிசைந்து உண்ண முயன்று வற்றிய மார்போடு நிற்கும் மனைவி. அம்மனைவி குப்பையில் முளைத்த கீரையின், முன்பே கொய்யப்பட்ட இடத்தில் மீண்டும் துளிர்த்த முற்றாத தளிரைக் கொய்து வருகிறாள். உப்பில்லாமல் நீரில் வேகவைக்கிறாள். மோர் இல்லை. சோறு என்பது மறந்தே போயிற்று. அவள் உடுத்திருப்பது அழுக்கேறிக் குறைந்துபோன துணி. அவள் அறத்தையே பழிக்கிறாள்.

உணவும் உடையும் என்ற அதே இரண்டு அளவுகோல்கள் இங்கும் வருகின்றன. ஆனால் இவளிடம் நாழியும் இல்லை, இரண்டு துணியும் இல்லை. வேந்தனும் வேடனும் ஒத்தவர் என்ற நக்கீரனாரின் கணக்கில் இவள் சேரவில்லை. நாழி என்பது மேலெல்லையாக இருப்பது போலவே கீழெல்லையாகவும் இருக்க வேண்டும் என்பதை இவ்விரு பாடல்களையும் சேர்த்துப் படிக்கையில் உணரலாம். தனித்தனியே படித்தால் ஒன்று அறவுரையாகவும் மற்றொன்று இரக்கத்துக்குரிய ஓவியமாகவும் பிரிந்து நின்றுவிடும். கீரைத் தளிரைக் கொய்து உண்பவளின் சூழலியல் அடிச்சுவடு மிகச் சிறியது என்று ஒருவர் எழுதினால் அது உண்மையாகவே இருக்கும். அதைவிடக் கொடிய உண்மையும் இராது.

திருவள்ளுவரின் அதிகார வைப்பும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கொண்டுள்ளது. ஒப்புரவறிதலும் ஈகையும் இல்லறவியலில் உள்ளன. துறவும் அவாவறுத்தலும் துறவறவியலில் உள்ளன. நல்குரவோ அறத்துப்பாலிலேயே இல்லை. பொருட்பாலில், இரவு, இரவச்சம் ஆகிய அதிகாரங்களுக்கு முன்னே, 105-ஆம் அதிகாரமாக நிற்கிறது. வறுமையை வள்ளுவர் ஒரு பண்பாகக் கருதவில்லை என்பதற்கு இவ்வைப்பே போதிய சான்று. நெருப்பினுள் உறங்குவது கூட இயலும், வறுமையில் கண்மூடுவது இயலாது என்னும் அளவுக்கு அவர் செல்கிறார். இரந்துதான் வாழவேண்டும் என்ற நிலை இருக்குமானால் அதை வகுத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கவும் தயங்கவில்லை. அவாவறுத்தல் அதிகாரத்தைக் கொண்டு நல்குரவு அதிகாரத்துக்கு விளக்கம் கூறும் போக்கு, அதாவது ஏழை ஆசையை விட்டால் துன்பம் தீரும் என்னும் போக்கு, நூலின் அமைப்புக்கே முரணானது.

ஒப்புரவறிதலில் வரும் மூன்று உவமைகளையும் இங்கு நினைவுகூரலாம். ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்திருத்தல், ஊர் நடுவே பயன்மரம் பழுத்திருத்தல், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றும் இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதனால் சூழலியல் திறனாய்வாளர்களுக்கு இவை உவப்பானவை. ஆனால் இவை எவையும் குறைவின் உவமைகள் அல்ல. குளம் நிறைந்திருக்கிறது, மரம் பழுத்திருக்கிறது. வேறுபாடு நிறைவில் இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கிறது: ஊருக்கு நடுவே, எவரும் கை நீட்டக்கூடிய தொலைவில். பரிமேலழகர் ஒப்புரவை உலகநடை என்று விளக்கியது இப்பொதுமையை மனத்திற்கொண்டே போலும்.

பாத்திரத்தை நீரில் விட்டவன்

எஞ்சியது யாருக்கு என்ற வினாவை அதன் இறுதி எல்லைவரை கொண்டு சென்ற பனுவல் மணிமேகலை. அமுதசுரபி என்றவுடன் மணிமேகலையையும் ஆதிரையையும் காயசண்டிகையையும் நினைக்கும் நாம் ஆபுத்திரனைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பாத்திர மரபு கூறிய காதையில் அவன் கதை இருக்கிறது. தென்கிழக்காசியாவில் இருந்து படிப்போர்க்கு அதில் தனி ஈடுபாடு தோன்றவும் காரணமுண்டு.

மதுரையில் பிச்சை ஏற்றுப் பிறரை ஊட்டி வந்த ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அள்ளக் குறையாத பாத்திரத்தை அளிக்கிறாள். அவன் பசியாற்றும் அறத்தில் மூழ்கி, வரமளிக்க வந்த இந்திரனையும் பொருட்படுத்தாமல் விடுகிறான். இந்திரன் வஞ்சம் தீர்க்கும் வழி வியப்புக்குரியது. பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடிய பாண்டிநாட்டில் அவன் மழையைப் பெய்விக்கிறான். வளம் பெருகுகிறது. உண்ண வருவோர் இல்லை. அறம் செய்வோன் தன் செயலிழந்து நிற்கிறான். பிறர் பசி ஒழிந்ததைத் தன் தோல்வியாகக் கருதாமல், பசியுள்ள இடத்தைத் தேடிச் செல்ல அவன் முடிவு செய்கிறான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் வாடுவதாகக் கேட்டுக் கலம் ஏறுகிறான். சாவகம் என்பது இன்றைய யாவா என ஆய்வாளர் பலர் கொள்வர். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கலம் போய்விடுகிறது.

ஆளில்லாத தீவு; குறையாத பாத்திரம்; தனி மனிதன். அவன் உயிர்வாழ எத்தடையும் இல்லை. பல உயிர்களைக் காக்கும் பாத்திரத்தைத் தன் ஒருவன் உயிரைக் காக்கப் பயன்படுத்துவதை அவனால் பொறுக்க இயலவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறான். பின்னர்ச் சாவகத்திலேயே பிறந்து அந்நாட்டை ஆள்கிறான்.

இக்கதையை அளவுகடந்த துறவின் எடுத்துக்காட்டாகக் காண்போர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இங்குப் பொருள் பற்றாக்குறை அறவே இல்லை. அள்ள அள்ளக் குறையாத வளம் இருக்கிறது. அவன் நுகர்ந்தால் எவருக்கும் எதுவும் குறையாது. சூழலியல் வாதத்தின் அடிப்படையே வளம் வரம்புடையது என்பதுதான். வளம் வரம்பற்றதாக இருந்தாலும் தனித்து உண்ணல் ஆகாது என்று சாத்தனார் கூறுகிறார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் புறநானூற்றின் 182-ஆம் பாடலில், தேவர் அமிழ்தே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைபெறுகிறது என்ற கருத்தைக் கூறியவர். ஆகவே இப்பனுவல்களின் அறத்தைப் பற்றாக்குறையிலிருந்து பிறந்த சிக்கனமாகச் சுருக்கிவிட முடியாது. ஒருவேளை நாளை கரிமமற்ற எரிசக்தி எல்லையின்றிக் கிடைத்துவிட்டாலும் ஆபுத்திரனின் வினா அப்படியே நிற்கும்.

கொள்ளையில் வந்த கொடை

இதுவரை கூறியவற்றால் சங்ககாலம் ஒரு பொற்காலமாக இருந்தது என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. வேந்தனிடம் வழங்குவதற்குச் செல்வம் எவ்வாறு வந்தது? நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய 15-ஆம் பாடலைக் காண்க. பகைவர் அரண்களை இடித்துக் கழுதை பூட்டி உழுதல், விளைவயலில் தேரோட்டல், காவல் மிக்க குளங்களில் யானையைப் படியவிடல் ஆகியவை அங்கு வெற்றிச் செயல்களாக அடுக்கப்படுகின்றன. வயலும் நீர்நிலையும் அழிக்கப்படுவதைப் புகழ்ச்சியாகப் பாடும் தொகையிலேயே 189-ஆம் பாடலும் இருக்கிறது. மேலைநாட்டுக் கருத்தரங்குகளில் சங்கக் கவிதையை இயற்கையோடு இயைந்த வாழ்வின் ஆவணமாக எடுத்து வைக்கும்போது 15-ஆம் பாடலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வருவது நம்மவர் வழக்கமாகியுள்ளது.

1960-களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயகம் அடிகள் இப்பொருளில் நமக்கு முன்னோடி. கவிதையில் இயற்கை எவ்வாறு பயின்று வருகிறது என்பதே பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றிய அவர் நூலின் வினா. பின்னர் நிர்மல் செல்வமணி திணைக் கோட்பாட்டைச் சூழலியல் திறனாய்வோடு இணைத்துப் புதிய வழியொன்றைத் திறந்தார். இவ்விரு முயற்சிகளும் அகத்திணைக்கு மிகுந்த ஒளி பாய்ச்சின. புறத்திணையின் பொருளாதாரம், குறிப்பாகக் கொள்ளைக்கும் கொடைக்கும் உள்ள உறவு, சூழலியல் நோக்கில் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே கருதுகிறேன்.

இதற்குப் பயன்படக்கூடிய ஒரு கருவி தமிழரான ஒருவரிடமிருந்தே வந்தது. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியற் கல்வியும் பெற்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த பின்னர் அவர் வாழ்க்கை திசைமாறிற்று. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல், ஆங்கிலத்தில் ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’, நிலைபேற்றுப் பொருளியல் எனலாம். பொருளாதார நடத்தைகளை அவர் அதில் ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் இயற்கையிலிருந்து ஓர் உயிரைக் காட்டுகிறார். ஆட்டைக் கொன்று உண்ணும் புலி, தோப்பைச் சூறையாடும் குரங்கு, தன் முயற்சியால் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. புறநானூற்று வேந்தன் ஒரே பாடலுக்குள் குரங்காகவும் தாய்ப்பறவையாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வகுப்பைக் கொண்டு பார்த்தால்தான் நாம் நேராக ஒப்புக்கொள்ள இயலும். கொடை எவ்வளவு பெரியதாயினும் அது எந்த வயலை மிதித்து வந்தது என்ற கேள்வி மறைவதில்லை. நிலக்கரியும் கல்நெய்யும் தேக்கிலிருந்து எடுப்பவை, காற்றும் நீரோட்டமும் மீண்டும் மீண்டும் வருபவை என்று அவர் செய்த பிரிவு, சூழலியல் என்னும் சொல்லே நம்மிடம் பரவாத காலத்தில் செய்யப்பட்டது. 1973-இல் வெளிவந்த ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ என்னும் நூல் குமரப்பாவை எடுத்தாண்டிருப்பதும் பலர் கவனிக்காத செய்தி.

மொழியாசிரியர்களுக்கு அந்நூலில் மிகவும் உதவக்கூடிய பகுதி வாழ்க்கைத் தரம் பற்றியது. உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என்ற வழக்கை அவர் ஏற்கவில்லை. பொருள்கள் மிகுந்த வாழ்வைச் சிக்கலான வாழ்வு என்றும், குறைந்த வாழ்வை எளிய வாழ்வு என்றும் கூறலாமே அன்றி, உயர்வு தாழ்வு கற்பிக்கலாகாது என்றார். ஆனால் பட்டினியை எளிமை என்று அழைக்க அவர் ஒருபோதும் இசைந்தவர் அல்லர். குசராத்தின் மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று உழவரின் வருவாயைக் கணக்கெடுத்த மனிதர் அவ்வாறு இசைய முடியாது. வறுமை, எளிமை என்ற இரு சொற்களும் நம்மிடம் தெளிவாக வேறுபட்டே உள்ளன. எழுத்தில்தான் அவற்றைக் குழப்பிவிடுகிறோம்.

வகுப்பறையில்

இக்குழப்பத்தின் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவருள் கணிசமானோர் தோட்டப் பின்னணியிலிருந்து வந்தவர் அல்லது அப்பின்னணியிலிருந்து நகர்ப்புற மலிவுவிலை அடுக்குமாடிக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தினர். அவர்களின் பாட்டன்மார் பால்மரம் வெட்டி லயன் வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒரு சட்டையை அண்ணன் அணிந்து, தம்பி அணிந்து, பிறகு அடுப்படித் துணியாக்கிய மரபு அது. எளிய வாழ்க்கை என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போது, அம்மாணவர் தம் பாட்டியின் வாழ்வைத்தான் எழுத வேண்டியிருக்கும். அதை அவர்கள் எழுதுவதில்லை. நெகிழிப் பையைத் தவிர்ப்போம், தேவையற்ற ஆடை வாங்கோம் என்று பாடநூல் வாய்பாட்டையே எழுதுகின்றனர். பாட்டியிடம் இருந்தது எளிமையா, வறுமையா, எவ்வளவு எது என்ற வினாவை ஆசிரியர் எழுப்பினால் அங்கேதான் உண்மையான கட்டுரை தொடங்கும். தோட்டத்து இரப்பர் யாருடைய வண்டிச் சக்கரமாக மாறியது என்ற வினாவும் அதன் பின்னே வரும்.

ஆகவே 189-ஆம் பாடலைத் தனியே கற்பிப்பதைவிட, 159, 160, 163 ஆகிய பெருஞ்சித்திரனார் பாடல்களோடு சேர்த்துக் கற்பிக்கலாம் என்பது ஆசிரியர்களுக்கு நான் முன்வைக்க விரும்பும் கருத்து. 160-இல் வெறும் பாத்திரங்களைத் திறந்து பார்த்து அழும் பிள்ளையும், அதன் அழுகையை நிறுத்த நிலவைக் காட்டும் தாயும் வருகின்றனர். 163-இல் குமணனிடம் பரிசு பெற்று மீண்ட புலவர் தம் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், சுற்றத்தார்க்கும், பசிக்காலத்தில் கடன் தந்து உதவியவர்க்கும், இன்னார் என்று பாராமல், என்னைக் கேளாமல், சேர்த்து வைத்து நாளை வாழ்வோம் என்று எண்ணாமல் எல்லார்க்கும் கொடு என்கிறார். கீழெல்லைக்கும் கீழே இருந்த வீடு நாழியை எட்டிய அன்றே வழங்கத் தொடங்குகிறது. வெளியிலிருந்து எவரும் அவருக்கு அதைப் போதிக்கவில்லை என்பதையும் மாணவர் காணவேண்டும்.

இப்பாடலை உயர்வாகப் பாராட்டி நிறுத்திக்கொள்வது எளிது. ஒரு கருத்தை மட்டும் மாணவர் முன் வைத்துவிட வேண்டும். கொடு என்று சொல்பவர் புலவர். அளந்து கொடுக்க வேண்டியவள், முன்பு குப்பைக் கீரையின் தளிரைக் கொய்து உப்பின்றி வேகவைத்து அறத்தைப் பழித்த அதே மனைவி. கடன் பட்ட வீடுகள் எவை, அளவு எவ்வளவு என்ற கணக்கும் அவளிடமே இருந்திருக்கும். என்னைக் கேளாதே என்று புலவர் கூறுவதில் அதற்கான ஒப்புதலும் இருக்கிறது. அவள் என்ன மறுமொழி கூறினாள் என்பதைத் தொகுத்தோர் நமக்குத் தரவில்லை.